எங்கள் துனியாவில் அடித்த புயல்

கல்முனையில் என்னை எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் வகுப்பில் வெண்கட்டி பிடித்தவள் இல்லை. படித்த பெண்பிள்ளை வேறென்ன உத்தியோகம் பார்த்திருக்கப் போகிறாள் என்ற நல்லெண்ணம்தான். காலநிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்தேன் என்று விளக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். “அப்ப நாளைக்கு மழையா மிஸ்? அவிச்ச நெல்லு காயப் போட வேணும்” என்பார்கள். தெரியாது என்பேன். இத்தனை வருஷம் வெளிநாட்டில் என்னத்தைக் கிழித்தாய் என்று வாயால் கேட்கமாட்டார்கள். முகத்தால் கேட்டுவிட்டுப் போவார்கள்.

இப்போது நிலையத்தில் இருக்கிற இளையவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கணினியே பழைய காலநிலையைப் படித்துப் படித்து எதிர்வுகூறுகிற காலம் வந்துவிட்டது, நீங்கள் செய்த மாதிரிச் சோதனைகள் இனித் தேவையா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது வேறு. அந்த ஆறு செய்மதிகளின் விவகாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். ஆளுக்கொரு கதை உலவுகிறதாம். ஒரு கதையில் நான் கல்முனைக் கடற்கரையில் நின்று ஒலிபெருக்கியில் புயல் அறிவித்தேனாம். சுத்தப் பொய். ஒலிபெருக்கியில் அறிவித்தவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலநிலைச் செய்மதியைச் செய்து விண்வெளிக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அனுப்பிய பிறகு ‘அடடா, இதால் ஒரு பயனும் இல்லையே’ என்று கையைப் பிசைய முடியாது. ஆகவே இன்னும் செய்யாத செய்மதி மேலே போனால் எதிர்வுகூறல் எவ்வளவு திருந்தும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். பிள்ளை பிறக்க முன்னே பேர் வைக்கிறவர்களைப் பார்த்து ஊரில் சிரிப்பார்கள். நாங்கள் பேர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சோதனை எழுத வைத்து, புள்ளியும் போட்டுக் கொடுக்கிறவர்கள்.

நான் இதற்கு வந்து சேர்ந்த கதை நீளமில்லை. கல்முனையில் கணிதம் படித்தேன். வாப்பா டாக்டராக வரச் சொன்னார், எனக்கு இரத்தம் கண்டால் மயக்கம். பல்கலைக்கழகம் போனேன், பௌதிகம் பிடித்தது. புலமைப்பரிசில் ஒன்று கிடைத்துக் குளிர்நாட்டுக்குப் போனேன். அங்கே குளிரில் ஐந்தாறு வருஷம் நடுங்கிக்கொண்டே வளிமண்டலத்தைப் படித்தேன். நடுக்கம் நின்றபோது நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. இடையில் கல்யாணமும் முடிந்தது. கணவர் ஊரில் பாடசாலை அதிபர். அவருக்குப் பாடசாலையை விட்டு வர மனமில்லை, எனக்கு வேலையை விட்டு வர மனமில்லை. விடுமுறைக்கு விடுமுறை குடும்பம் நடத்தினோம். நன்றாகத்தான் நடந்தது, சண்டை பிடிக்க நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் சிவஞானம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். வெயில் கொளுத்துகிற நாளிலும் கையில் குடையோடு வருவார். “இந்தக் கட்டிடத்திலை வேலை செய்யிறவன் எதிர்வுகூறலை நம்பலாமோ?” என்பார். இடது காது கொஞ்சம் மந்தம். ஆனால் வலது கையால் எழுத வேண்டும் என்பதால் தொலைபேசியை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். அவரோடு தொலைபேசியில் கதைப்பது என்றால் கத்துவதுதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு யார் காரணம் என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு இருக்கிறது.

அவருடைய ஆட்சி இரண்டு சொல்லில் நடந்தது. யாராவது நல்ல முடிவோடு அவருடைய அறைக்குள் போனால் நிமிர்ந்தும் பார்க்காமல், “எங்கை பிழை?” என்பார். பிழை இல்லை சேர் என்றால், “அப்ப இன்னும் காணேல்லை. போய் வடிவாப் பாரும்” என்று நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். மோசமான முடிவோடு போனால் முகம் மலர்ந்து, “உது உண்மையாய் இருக்கலாம், இரும் பிள்ளை” என்று தேநீர் ஊற்றித் தருவார். நான் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கருவி அபாரமாக வேலை செய்வதாக முடிவு வந்தது. எங்கை பிழை? கிழமைக் கணக்காகத் தேடினேன். மேகத்துக்குள்ளால் பார்க்க முடியாத அந்தக் கருவிக்கு மாரிகால வங்காள விரிகுடாவைக் கணினியில் மேகமே இல்லாமல் காட்டியிருந்தோம். பயப்படாதீர்கள், அது எனக்கு முன்பு இருந்தவர் விட்ட பிழை.

முறை இப்படி. முதலில் பெரிய கணினியில் ஒரு பூமியைச் செய்ய வேண்டும். கடல், மலை, காற்று, மேகம் எல்லாவற்றோடும் அதை அதன்பாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட விடுவோம். அதில் பெய்கிற மழை நம் மழை இல்லை, அதில் அடிக்கிற புயல் நம் புயல் இல்லை. ஆனால் நம்முடையது மாதிரியே இருக்க வேண்டும். மாரிமழை மாரியில்தான் பெய்ய வேண்டும், சித்திரையில் பெய்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பொய்ப் பூமிக்கு நான்தான் துனியா என்று பேர் வைத்தேன். எங்கள் வீட்டில் உலகத்துக்கு அதுதான் சொல். வெள்ளைக்காரர்கள்கூட ‘தூனியா, தூனியா’ என்று பழகிக்கொண்டார்கள். நான் துனியாவின் பொறுப்பாளி. அதில் நாளைக்கு எங்கே மழை, எங்கே இடி என்று எனக்கு மட்டும் தெரியும். இதை ஒருமுறை பெருமையாக வீட்டில் சொன்னபோது கணவர், “அஸ்தஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும், இப்பிடிக் கதைக்காத” என்று எழும்பிப் போய்விட்டார்.

அடுத்தது, இன்னும் பிறக்காத செய்மதி துனியாவுக்கு மேலே சுற்றினால் என்னத்தைக் காணும் என்று கணக்குப் போடுவது. போட்டபின் அந்தக் கணக்கில் வேண்டுமென்றே பிழையைக் கலக்க வேண்டும். மெய்யான செய்மதி கொஞ்சம் பொய் சொல்லும். நம்முடைய பொய்ச் செய்மதி மெய்யை மட்டும் சொன்னால் அதைவிடப் பெரிய பொய் இல்லை. உப்புப் போடுகிற மாதிரிக் கவனமாகப் போட வேண்டும். அதன்பின் அந்தத் தரவுகளைப் பக்கத்து அறைக்கு அனுப்புவோம். அங்கே இருக்கிறவர்கள் வேறொரு கணினி மாதிரியை வைத்து துனியாவின் நாளைய காலநிலையை எதிர்வுகூற வேண்டும். அவர்கள் சொன்னதையும் துனியாவில் நடந்ததையும் பக்கம் பக்கமாக வைத்துப் புள்ளி போடுவோம்.

பக்கத்து அறைக்கு துனியாவில் என்ன நடக்கிறது என்று ஒரு துளியும் தெரியக் கூடாது. வினாத்தாள் வெளியே போன சோதனைக்கு என்ன மதிப்பு? இதில் சிவஞானம் சேர் மிருகம். இரண்டு அறைக்காரர்களும் ஒரே மேசையில் பகல் சாப்பாடு சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டார். உலகம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் சந்தித்தால் காலநிலையைப் பற்றித்தான் கதைப்பார்கள். அந்தக் கட்டிடத்தில் நாங்கள் மட்டும் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

இதில் எனக்கு நட்டம் என்னவென்றால், பக்கத்து அறையில்தான் கஜன் இருந்தான். ஆலையடிவேம்புப் பிள்ளை. கல்முனையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட முன்னே போய் இறங்கிவிடலாம். அவ்வளவு பக்கத்து ஊர்க்காரன், என் வாய்க்குப் பழகிய தமிழ் கதைக்கிறவன், குளிர்நாட்டில் பத்தடி தூரத்தில் இருக்கிறான், அவனோடு சேர்ந்து ஒரு பிடி சோறு சாப்பிட முடியாது. தாழ்வாரத்தில் கண்டால், “அக்கா, சுகமா இரிக்கிறீங்களா?” என்பான். “இரிக்கன் தம்பி” என்பேன். அதற்கு மேல் கதைத்தால் சேருடைய கதவு திறக்கும்.

இனி அந்த ஆறு செய்மதிகள். நிலையத்தின் முன் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, துருவத்துக்குத் துருவம் சுற்றுகிற ஒரு பெரிய செய்மதி. நல்ல கருவி, ஆனால் நம் பக்கம் நாளுக்கு இரண்டு தடவைதான் எட்டிப் பார்க்கும். மற்றது, பூமியின் இடுப்பைச் சுற்றி ஓடுகிற ஆறு சின்னச் செய்மதிகள். அவை வங்காள விரிகுடாவை ஒன்று மாறி ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் புயல்கள் உருவாகிற இடம் அது. அங்கே அளந்து சொல்ல யாரும் இல்லை. காலையில் சாதுவாகக் கிடந்த தாழமுக்கம் பின்னேரம் புயலாகி எந்தக் கோலத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாத கடல். சுனாமியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் போயின. அது புயல் இல்லை, எந்தச் செய்மதியும் அதைச் சொல்லியிராது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடலை ஆறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? உயிரைக் கொடுத்து ஆசைப்பட்டேன்.

மாதக் கணக்காக ஓட்டிச் சராசரி எடுத்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளி. வடக்கு நாடுகளுக்குப் பெரியது கொஞ்சம் நல்லது, நம் பக்கத்துக்கு ஆறும் நல்லது. தீர்மானம் எடுக்கிற சபையில் இருந்தவர்கள் எல்லாரும் வடக்கு நாட்டுக்காரர்கள். அவர்களுக்குச் சராசரி விளங்காது, படம் வேண்டும், புயல் வேண்டும். ஒரு புயலை வைத்துக் காட்டுங்கள், நம்பினால் ஆறையும் எடுக்கிறோம் என்றார்கள். “ஒரு புயலிலை என்னத்தைக் காணலாம்? மடையர்” என்று சேர் புறுபுறுத்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் புயலைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், அது எது என்று எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியலாம் என்றார்.

அந்த நேரம் நான் கல்முனைக்கு வந்துவிட்டேன். கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஒரு சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. தனியே விட மனமில்லை. நிலையமும், வீட்டில் இருந்தே வேலை செய்யுங்கள், கணினி எங்கே இருந்தால் என்ன என்றது. ஆகவே சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் மருந்துப் போத்தல்கள், மறுபக்கம் துனியா. அந்த மேசையில் இருந்துதான் சீட்டைக் குலுக்கினேன். வந்தது வங்காள விரிகுடாவில் ஒரு புயல். அதை வரைபடத்தில் பின்தொடர்ந்து போனேன். அது மேற்கே வந்து, இன்னும் மேற்கே வந்து, எங்கள் ஊருக்குள் ஏறியது.

சிரிக்காதீர்கள், நான் அழுதேன். துனியாவில் கல்முனை என்பது மருதமுனையில் இருந்து காரைதீவு வரைக்கும் சேர்த்து ஒரே ஒரு சதுரம். தெரு இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. ஆனாலும் அந்தச் சதுரத்துக்குள் கடல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா அழுறாய்? நீயே செஞ்ச புயல்தானே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சீட்டில் வந்த விடையைச் சேருக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒழுங்கு. எழுத்தில் அனுப்பினால் யாராவது பார்த்துவிடுவார்களாம். எங்கள் வீட்டில் தொலைபேசி மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். ஏறிப் போய் அழைத்தேன்.

“எங்கை கரையேறுது?” என்றார் சேர்.

“கல்முனை, சேர்.”

“எங்கை?”

“கல்முனை!”

“கேக்கேல்லைப் பிள்ளை, ஒருக்கால் பெலத்துச் சொல்லும்.”

“கல்முனை சேர்! மருதமுனைக்கும் காரைதீவுக்கும் நடுவுல! வெள்ளிக்கிழமை பின்னேரம்! கடல் ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏறுது!”

“சரி, சரி, ஏன் கத்துறீர்?” என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மாடியில் ஹைறுன் ராத்தா கொச்சிக்காய் காயப் போட்டுக்கொண்டிருந்ததை நான் காணவில்லை. ராத்தா என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷி, ஊர்வம்பு அளக்கிற ஆள் இல்லை. கேட்டதைத் தன் மகனுக்கு மட்டுந்தான் சொன்னார். மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். அது மாரிகாலம் வேறு, வானமும் மூடிக்கொண்டு கிடந்தது.

நான் கீழே இறங்கி வந்து பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தால் உழவு இயந்திரத்தில் கட்டி ஒரு தோணி போகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு தோணி. மெத்தை போகிறது, தையல் மெஷின் போகிறது, ஆடு போகிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார், வெள்ளிக்கிழமை பின்னேரம் கடல் பெருக்கெடுக்க இருப்பதாக வெளிநாட்டு நிலையத்து மிஸ் சொல்லியிருக்கிறா, சனங்கள் பதறாமல் மேட்டுப் பக்கம் போகவும் என்று பதறிக்கொண்டு அறிவிக்கிறார். கேற்றைத் தள்ளிக்கொண்டு ராத்தா வந்தார், தோளில் ஒரு பொட்டலம்.

“என்ன புள்ள, நீ இன்னும் டீ குடிச்சிக்கிட்டு இரிக்காய்? ஊரே வெளிக்கிடுது!”

“எங்க ராத்தா?”

“அம்பாறப் பக்கம். நீதானே செல்லினாய், கடல் ரெண்டாள் உசரத்துக்கு வருது எண்டு!”

“ராத்தா, அது மெய்யான புயல் இல்ல. அது நாங்க செஞ்ச புயல்” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது.

“செஞ்ச புயலா?” ராத்தா பொட்டலத்தைக் கீழே போட்டார். “யா அல்லாஹ்! எங்கட ஊருக்கா செஞ்சாய்? நாங்க உனக்கு என்ன புள்ள குறை வெச்ச?”

கடைசியில் கணவர்தான் எழும்பினார். நெஞ்சில் தையல் போட்ட மனுஷன், பள்ளிவாசலுக்கு நடந்து போய், அதிபர் குரலில் ஒலிபெருக்கியில் விளக்கினார். அது கணினிக்குள் அடிக்கிற புயல், வெளியில் வராது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். பாடசாலையில் அவரிடம் அடி வாங்கியவர்கள் பாதி ஊர், அதனால் நம்பினார்கள். தோணிகள் திரும்பிப் போக இரண்டு நாள் எடுத்தது. எங்கள் தெருவில் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு கல்யாணம் வைத்திருந்தார்கள். புயலுக்கு முன்னே முடித்துவிடுவோம் என்று அன்று பின்னேரமே அவசர அவசரமாக நிக்காஹ் முடித்து, விருந்துச் சஹனும் வைத்துவிட்டார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்கு என்னில் ஒரு கோபமும் இல்லை. மற்ற எல்லாருக்கும் இருந்தது. அன்றிலிருந்து நான் பொய்மழை மிஸ்.

சேருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன், இந்தமுறை விட்டுவிட்டுக் கேட்டாலும் பரவாயில்லை என்று குசினிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு. அந்த மனுஷன் ஊர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஆருக்குத் தெரியும்?”

“ஊருக்கே தெரியும் சேர்.”

“ஊரை விடும். கஜனுக்குத் தெரியுமோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கஜன் கடல் தாண்டி இருக்கிறான், ஒலிபெருக்கி அங்கே கேட்குமா? பிறகுதான் சிரிப்பு நின்றது. கஜன் அங்கே இருந்தாலும் கஜனின் அம்மா ஆலையடிவேம்பில் இருந்தார்.

கொஞ்ச நாளில் கஜனின் முடிவு வந்தது. சேர் என்னையும் கஜனையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டார். முடிவைத் திரையில் பார்த்தேன். பெரிய செய்மதியை மட்டும் வைத்துச் சொன்ன எதிர்வுகூறலில் புயல் வடக்கே வழுக்கிக்கொண்டு இந்தியாப் பக்கம் போகிறது. ஆறு செய்மதிகளையும் வைத்துச் சொன்னதில் மூன்று நாளைக்கு முன்பே புயல் கல்முனைக்குக் குறிவைத்து வருகிறது. சபை கேட்ட படம் இதுதான். இதைக் காட்டினால் ஆறும் மேலே போகும். எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

“எங்கை பிழை?” என்றார் சேர்.

கஜன் கொஞ்சம் தயங்கினான். “சேர், அம்மா கோல் எடுத்தவ. ‘மனே, கல்முனைக்குப் புயல் வருதாம், வெளிநாட்டு நிலையத்து மிஸ் சொன்னாவாம், சாமானெல்லாம் கட்டிட்டம்’ எண்டா. மெய்யான வரைபடத்தப் பாத்தன், ஒண்டுமில்ல. மறுகாதான் விளங்கினது, இது அக்காட துனியாவில வாற புயல் எண்டு.”

“அதுக்குப் பிறகு நீர் என்ன செய்தனீர்?”

“ஒரு இலக்கத்த மாத்தினன். ஆறு செய்மதியும் சொல்லுறத எவ்வளவு நம்புற எண்டு ஒரு இலக்கம் இரிக்கிதானே, அத. முதல் போட்டிருந்தது பெரிய செய்மதிக்குரிய இலக்கம், சும்மா இடத்த நிரப்பப் போட்டது. அது ஆறுக்கும் பொருந்தா. மாத்த வேணும் எண்டு முதலே யோசிச்சிருந்தன். ஆனா மாத்தினது அம்மா எடுத்த பிறகு.”

“அம்மா எடுக்காட்டில் அதே இலக்கத்துக்குத்தான் மாத்தியிருப்பீரோ?”

“தெரியா சேர்” என்றான் கஜன். “மாத்தியிருப்பன் எண்டுதான் நினைக்கன். ஆனா எனக்கே தெரியா.”

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அம்மா எடுத்ததை அவனாகத்தான் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது, கன்னத்தில் ஒன்று போடவும் வேண்டும் போல இருந்தது.

“தூக்கி எறியும்” என்றார் சேர்.

நான் விட்டேனா? வேறு ஆளை வைத்து மறுபடி செய்வோம் என்றேன். வேறு புயல், வேறு ஆள், முதலில் இருந்து எல்லாம் ஓட்ட அரை வருஷம் வேண்டும், சபை அடுத்த மாதம் கூடுகிறது என்றார். அப்படியென்றால் இதையே காட்டுவோம், பிள்ளை போட்ட இலக்கம் சரியான இலக்கம்தானே என்றேன். இருக்கலாம் என்றார். “சேர், இது எங்கட கடல்! எங்கட சனம்! மூணு பேருக்குத்தானே தெரியும், வாய மூடிக்கிட்டு இரிந்தா என்ன?” என்று கத்தினேன். கத்தாமலே அவருக்கு அன்றைக்கு நன்றாகக் கேட்டது.

“பிள்ளை, உம்மடை கடல் எண்டபடியாத்தான் சொல்லுறன்” என்றார். “பிழையான சோதனையைக் காட்டி ஆறையும் மேலை அனுப்பி, அது பிறகு உம்மடை சனத்துக்குப் பிழையாச் சொன்னால் நீர் என்ன செய்வீர்? மாடியிலை ஏறி நிண்டு கத்துவீரோ?”

நான் அழைப்பைத் துண்டித்தேன். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. கணவரிடம் சேரைத் திட்டிய திட்டில் அவருக்கு அங்கே புரையேறியிருக்கும். சபைக்குச் சராசரி மட்டும் போனது. சபை பெரிய செய்மதியைத் தெரிந்தெடுத்து, கேக் வெட்டியது. எனக்கும் படம் அனுப்பினார்கள், கேக்கில் செய்மதி மாதிரிச் சீனியில் செய்திருந்தார்கள். ஆறும் காகிதத்தோடு நின்றுபோயின.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பெரியது நல்ல செய்மதி. இப்போது மேலே இருக்கிறது. நாங்கள் புள்ளி போட்ட மாதிரியே வேலை செய்கிறது. வடக்கு நாட்டுக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு தடவை எங்களையும் எட்டிப் பார்க்கிறது. நானும் ஓய்வுபெற்றேன். கணவர் தேறி, என்னைவிட உற்சாகமாகத் திரிகிறார்.

இளையவர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான்: இந்தச் சோதனைகள் தேவை. கணினி இப்போது கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்கிறது என்றால் இன்னும் அதிகம் தேவை. அதனிடமும் எங்கை பிழை என்று கேளுங்கள். எனக்கே தெரியா என்று சொல்ல அதற்கு வாய் வராது, அதனால் அதைக் கஜன் மாதிரி ஓர் ஆளின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாரியில் விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் கிடந்தது. ஓய்வுபெற்றவள்தானே, பொழுதுபோகாமல் காலையில் வரைபடத்தைப் பார்த்தேன். வடக்கே போகும் என்றிருந்தது. கணவரிடமும் அப்படியே சொன்னேன். செய்மதி காலையில் பார்த்துவிட்டுப் போனது, அடுத்தது பின்னேரந்தான் வரும். அந்த இடைவெளியில் அது திரும்பிவிட்டது. மத்தியான லுஹருக்குப் பிறகு பிடித்த மழை விடவில்லை. அறிவித்தல் வந்தபோது எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர். ஆறும் மேலே இருந்திருந்தால் அது திரும்பியதைக் கண்டிருக்குமா? இருக்கலாம். தெரியாது. தண்ணீருக்குள்ளால் நடந்து ராத்தா வீட்டுக்குப் போனேன்.

ராத்தா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தான், தனியாளாக முடியவில்லை.

“வெளிக்கிடுங்க ராத்தா. இன்னும் கூடும்.”

ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இது உங்கட மழையா, அல்லாட மழையா?”

“அல்லாட மழை.”

“அப்ப பொய்ப் புயலுக்கு முன்னுக்கே செல்லி ஊர எழுப்பினாய். மெய்யா வரக்குள்ள வாசல்ல தண்ணி ஏறின பிறகா புள்ள வந்து செல்லுறாய்?”

நான் போய் ஃபிரிட்ஜின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.